பூசணி படுத்துக்கொண்ட இடம்

சாவதுதான் என் தொழில். ஹெங்தியன் சினிமா நகரத்தில் எந்த ராஜா காலத்துத் தொடர் எடுத்தாலும் அதில் ஒரு ஊர் சூறையாடப்படும். சூறையாடப்படும் எந்த ஊரிலும் தெருவில் குப்புறக் கிடக்கும் பெண்களில் ஒருத்தியாக நான் இருப்பேன். மூச்சை அடக்கிக் கிடப்பதில் எனக்கு நல்ல பெயர். டைரக்டர்கள் மாறுகிறார்கள், ராஜவம்சங்கள் மாறுகின்றன, நான் மட்டும் அதே முகவாயை அதே கல்லில் வைத்துக் கிடக்கிறேன்.

செத்து எழுந்தவர்களுக்கு எங்கள் யூனிட்டுகளில் சிவப்பு உறை கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் நோட்டு ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்குக்கூடக் காணாது. ஆனாலும் அன்று பொழுது சாய்வதற்குள் அது கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால், நடித்த சாவு நம் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். இதையெல்லாம் நம்ப மாட்டேன் என்று சொல்லித் திரிகிற ஆளும் உறையை வாங்காமல் உடுப்பைக் கழற்ற மாட்டான்.

கெங் ருய்லானை நான் முதன்முதலில் பார்த்ததே அந்த உறைக்காக அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான். போர்க்களக் காட்சி முடிந்து நாங்கள் வரிசையில் நிற்கிறோம். உறை கொடுப்பவர் வென் அம்மாள். யூனிட்டின் பூஜை, ஊதுபத்தி, நல்ல நேரம் எல்லாம் அவர் பொறுப்பு. வரிசையின் நடுவில், குட்டையான ஒரு பொம்பளை, ஒரு பழுப்புக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“என் குதிரைக்கு எங்க?”

“குதிரைக்கா? அது கடையில போய் என்னத்த வாங்கப் போவுது?” என்றார் வென் அம்மாள்.

“உங்க ஹீரோவை விட நல்லதாவே வாங்கும். இன்னிக்கு இவன் செத்தானா இல்லையா?”

“செத்தான்.”

“நல்லா செத்தானா இல்லையா?”

“நல்லாத்தான் செத்தான். எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

“அப்ப எடுங்க.”

எடுத்தார். ருய்லான் அந்த உறையைக் குதிரையின் தலைவாரில் செருகினாள். அது ஏதோ பட்டம் வாங்கியதுபோல் நடந்து போனது. அன்றிலிருந்து வென் அம்மாள் எந்த யூனிட்டுக்குப் போனாலும் முதல் உறை அந்தக் குதிரைக்குத்தான், எங்களுக்கெல்லாம் அப்புறம்தான். குதிரைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ருய்லானுக்கு ஊர் வடக்கே பாஷாங் மேட்டுநிலம். மரமே இல்லாமல் காற்று மட்டும் குடியிருக்கும் சீமை. அப்பா சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைத்தவர். கல்யாணம் ஒன்று ஆகியிருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், “அவன் உதைக்கிற ரகம், வித்துட்டேன்” என்று குதிரைக்காரர் பேச்சில் ஒரே வரியில் முடித்துவிடுவாள். ஒரு படத்துக்காகக் குதிரைகளை ஏற்றிக்கொண்டு தெற்கே வந்த லாரியில் கூடவே ஏறி வந்தவள் திரும்பிப் போகவில்லை. லாயத்துக்கு மேல்மாடியில் என் அறை, லாயத்தை ஒட்டி அவள் அறை. எனக்கு அவளுடைய குதிரைச் சாண வாசம், அவளுக்கு என் பூண்டு வதக்கும் வாசம். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே சிநேகமாகிவிட்டோம்.

அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு குரல். காலையில் எழுந்ததும் குதிரையிடம் முந்தைய நாள் நடந்ததையெல்லாம் சொல்வாள். எந்த நடிகை மேக்கப் போட எவ்வளவு நேரம் எடுத்தாள், எந்த மேனேஜர் டீயில் சர்க்கரை இல்லை என்று கத்தினான், எல்லாம். குதிரை வைக்கோலை மென்றுகொண்டே காதை அவள் பக்கம் திருப்பி வைத்திருக்கும். மேல்மாடியில் எனக்குத் தூக்கம் போய்விடும்.

குதிரையின் பெயர் பூசணி. நிறத்துக்கு வைத்த பெயர். சந்தையில் கிறுக்கு என்று கழித்துக்கட்டிய இரண்டு வயதுக் குட்டியை வாங்கி, ஓடும்போதே விழுகிற குதிரையாக அவள் ஆக்கியிருந்தாள். அந்தக் காலத்தில் முன்னங்காலில் கம்பி கட்டி, ஓடும்போது இழுத்துச் சாய்ப்பார்களாம். அப்படிச் சாய்ந்த குதிரை ஒன்றை அவள் தன் முதல் படத்தில் பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அந்தக் குதிரை எழுந்திருக்கவில்லை என்று அதிலிருந்தே எனக்குப் புரிந்தது.

அவள் வழி வேறு. குதிரைக்குப் படுப்பது என்றால் சின்ன விஷயம் இல்லை. ஓட முடியாத நிலையில் கிடப்பதற்கு அது மிரளும். சுற்றிலும் ஆபத்து இல்லை என்று நம்பினால்தான் காலை மடக்கும். அதனால் முதலில் லாயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தைச் சொறிந்து, கேரட் கொடுத்துப் படுக்கப் பழக்கினாள். பிறகு வெட்டவெளியில் நிற்கும்போது, நடக்கும்போது, மெல்லோட்டத்தில் வரும்போது, கடைசியில் நாலுகால் பாய்ச்சலில். அதற்குள் இரண்டு குளிர்காலம் போய்விட்டது.

விழும் இடத்துக்கு ‘மெத்தை’ என்று பெயர். முழங்கால் ஆழம் தோண்டி, மண்ணைச் சலித்து, கல்லெல்லாம் பொறுக்கி, மணலும் மரத்தூளும் நிரப்பி, மேலே காமிராவுக்குத் தெரியாமல் காய்ந்த புல்லைப் பரப்புவார்கள். கூலியாட்கள் தோண்டினாலும் சலிப்பது அவள்தான். எல்லாம் முடிந்ததும், பூசணி பார்த்துக்கொண்டிருக்க, ஓடிவந்து முதலில் அவள் விழுவாள். யூனிட்டே சிரிக்கும். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. “அவன் பாத்துட்டான், அது போதும்” என்று தலையிலிருந்து மரத்தூளைத் தட்டுவாள்.

விழச் சொல்லும் குறிப்பைத்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் லகானை ஒரு பக்கமாக இழுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். ஏறியிருப்பவன் இழுத்தால் குதிரை சாயும். ருய்லான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. லகானை இழுத்தால் மட்டும் பூசணி விழ மாட்டான். மெத்தையின் மறுபுறம் அவள் நின்று, “படுடா கண்ணு!” என்று கூப்பிட வேண்டும். அந்தக் குரல் காதில் விழுந்தால்தான் சாய்வான்.

“எதுக்குடி இந்தச் சுத்துவழி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“லகான் யார் கையில வேணும்னாலும் போவும். நான் சாப்பிடப் போன நேரத்துல எவனாவது ஏறி, கண்ட இடத்துல இழுத்துச் சாச்சுட்டான்னா? என் தொண்டை என்கிட்டதானே இருக்கும்? அதை எவன் எடுத்துட்டுப் போவான்?”

இப்போது அவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயரை எழுதவே கை கூசுகிறது.

ஷி தாவ்லின். அவளுக்குப் பக்கத்து ஊர்க்காரன், அதே லாரியில் கூட வந்தவன். குதிரையேற்றத்தில் கெட்டிக்காரன், அதை இல்லையென்று சொல்ல முடியாது. பூசணி விழும் காட்சிகளில் எல்லாம் மேலே இருப்பவன் அவன்தான். ஒரு தடவை அவன் தோள் எலும்பு இறங்கியபோது ருய்லான்தான் சோறு ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். ஓட்ஸ் மாவில் அவள் ஊர்ப் பக்கம் ஒரு பண்டம் செய்வார்கள், சின்னச் சின்னக் குழலாகச் சுருட்டி, தேன்கூடு மாதிரி நிறுத்தி வேகவைத்து, ஆட்டுக்கறிக் குழம்பில் தோய்த்துத் தின்பது. அதை அவள் எப்போது செய்தாலும் முதல் தட்டு அவனுக்கு. “அக்கா, அக்கா” என்று அவன் குழைவதைக் கேட்டால் கூடப்பிறந்தவன் தோற்றுப்போவான்.

குதிரைக்காரர்கள் எதற்கும் முதுகைக் காட்டி நிற்க மாட்டார்கள். ருய்லான் சொல்வாள்: “நான் முதுகைக் காட்டிட்டு நிக்கிறது ரெண்டே பேருக்குத்தான். ஒண்ணு பூசணி, இன்னொண்ணு தாவ்லின்.”

“அப்ப எனக்கு?”

“நீ கடிப்பே.”

போன வருஷம் அவளுக்குப் பித்தப்பையில் கல். தொங்யாங் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. நான்தான் துணைக்கு இருந்தேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தாவ்லின் எலும்பு சூப்போடு வந்தான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“பூசணி சரியா திங்க மாட்டேங்குறான்க்கா. வாசலையே பாத்துட்டு நிக்கிறான். நீங்க வர்றதுக்குள்ள பழக்கம் விட்டுப்போச்சுன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். உங்க குரலை என் போன்ல பதிஞ்சு குடுங்களேன். நான் மெத்தையில வெச்சுப் பழக்கிட்டு இருக்கேன்.”

இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பிக்கு எவ்வளவு அக்கறை பார் என்று என்னைப் பார்த்தாள். மூக்கில் குழாயோடு, போனை வாயருகே வைத்து, “படுடா கண்ணு! படுடா கண்ணு!” என்று கூப்பிட்டாள். வார்டில் இருந்த பெண்களெல்லாம் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த கட்டில்காரி, “யாரும்மா அந்தக் கண்ணு? எங்களுக்கும் காட்டேன்” என்றாள். நானும்தான் சிரித்தேன். தப்பாக நினைக்க அதில் என்ன இருந்தது?

அவன் சொன்னபடியே பழக்கினான். ருய்லான் திரும்பி வந்தபோது பூசணி ஒரு பாடமும் மறக்கவில்லை. “போன்ல கேட்டாக்கூட என் குரல்னு தெரிஞ்சுக்குறான்டி” என்று அவள் ஒரு வாரம் பெருமை பேசினாள். பிறகு அந்தப் பதிவை நாங்கள் மறந்துவிட்டோம். மறக்காதவன் ஒருவன் இருந்தான்.

இந்த வசந்தத்தில் ஒரு பெரிய தொடர் வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் எனக்குச் சாவதற்கு வேலை கிடைக்காது. கதைப்படி, தளபதி அரண்மனை வாசலுக்குப் பாய்ந்து வரும்போது மதிலிலிருந்து அம்பு பாய்ந்து குதிரையோடு சாய்கிறான். டைரக்டருக்கு அது வாசலுக்கு நேரே, கல் பாவிய தரையிலேயே நடக்க வேண்டும். வாசலும் குதிரையும் தளபதியும் ஒரே ஷாட்டில் வேண்டும்.

“கல்லுல முடியாது” என்றாள் ருய்லான்.

“ரப்பர் விரிப்பு போட்டு, மேல கல்லு மாதிரி பெயின்ட் அடிச்சுடலாம்” என்றார் மேனேஜர்.

“அதுல நீங்க ஓடி வந்து விழுங்க. எந்திரிச்சு வந்து சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.”

இரண்டு நாள் இழுபறி. கடைசியில் டைரக்டர் இறங்கி வந்தார், அல்லது இறங்கி வந்ததாகக் காட்டிக்கொண்டார். கல் தரையில் ஓட்டத்தை மட்டும் எடுப்பது, விழுவதை மேற்கு மதிலுக்கு வெளியே மண்தரையில் மெத்தை போட்டு மறுநாள் காலை எடுப்பது, வாசலைக் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. பேச்சுவார்த்தை முழுக்க தாவ்லின் அவள் பக்கத்திலேயே நின்று, “அக்கா சொல்றதுதான் சரி” என்று தலையாட்டினான். அந்தத் தொடரின் ஸ்டண்ட் மாஸ்டர் சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போய், அந்த இடம் காலியாக இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடத்தான் எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று மதியம் மெத்தை வேலை. தாவ்லின் வந்து, “நீங்க மண்ணைப் பாருங்கக்கா. பூசணியை நான் கூட்டிட்டுப் போறேன். வாசல்ல ஓடி வர்ற ஷாட் மட்டும்தான், வெளிச்சம் இருக்கும்போது முடிச்சுடலாம்கிறாங்க” என்றான். அவளே சேணவாரை இழுத்துப் பார்த்து, குளம்பைத் தூக்கிப் பார்த்து, பூசணியின் மூக்கைத் தட்டி அனுப்பினாள்.

“வெயிலா இருக்கு, தண்ணி காட்டுடா தாவ்லின்.”

“சரிக்கா.”

எனக்கு அன்று வேலை இல்லை. மெத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். தன் ஒத்திகை விழுகையை முடித்துவிட்டு ருய்லான் என்னைக் கூப்பிட்டாள்.

“வாடி, நீயும் ஒருதரம் விழு. சாவுறதுல நீதானே பெரிய ஆளு. எங்கயாவது கெட்டியா இருக்கான்னு சொல்லு.”

ஓடிப் போய் விழுந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுகமாக நான் செத்ததில்லை. எழுந்திருக்க மனசில்லாமல் கிடந்தேன். “எனக்கும் இந்த மாதிரி ஒரு மெத்தை போட்டுக் குடுத்தா என்னவாம் உங்க ஆளுங்களுக்கு? நான் குதிரையை விட மட்டமா?” என்று கேட்டேன். அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வென் அம்மாள் மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. சூரியனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

“நல்லவேளை, பொழுது சாயறதுக்குள்ள பிடிச்சுட்டேன். எங்கெல்லாம் தேடுறது உன்னை? இந்தா, பூசணியோட உறை.”

ருய்லான் கை நீட்டவில்லை. “நாளைக்குக் குடுங்கம்மா. நாளைக்குத்தானே அவன் சாவுறான்.”

“என்ன பேசுறே? இன்னிக்குச் செத்தது?”

“எங்க?”

“வாசல்லதான். இப்பத்தான் எடுத்து முடிச்சாங்க. டைரக்டர் எழுந்து நின்னு கைதட்டுனார். தலைவாரில நானே செருகலாம்னு போனேன், கிட்ட விடாம பின்னால பின்னால போறான். அதான் உன்கிட்டயே...” வென் அம்மாள் பாதியில் நிறுத்திவிட்டார். ருய்லான் முகம் அப்படி ஆகிவிட்டது.

பாவம், அந்த அம்மாளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மேனேஜரிலிருந்து விளக்குப் பிடிக்கிறவன்வரை எல்லார் வாயையும் அடைத்தவர்கள், சாவு உறை கொடுக்கிறவரை மறந்துவிட்டார்கள். சொல்லியிருந்தாலும் அவர் உறையைக் கொடுக்காமல் இருந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ருய்லான் ஓடினாள். நான் தலையெல்லாம் மரத்தூளோடு பின்னால் ஓடினேன்.

வாசலில் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு விரல் கனம்கூட இல்லை. கொஞ்சம் தள்ளி, தேர் நிறுத்தும் இடத்தில், பூசணி நின்றுகொண்டிருந்தான். இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தான். தோளில் ஒரு முழத்துக்குத் தோல் வழண்டு சிவப்பாக இருந்தது. உடம்பு முழுக்க வியர்வை. ஒரு ஆள் கடிவாளத்தை எட்டப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் நின்றான்.

தரையில் இன்னும் சில பிணங்கள் எழுந்திருக்காமல் சோம்பலாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் என் கூட்டாளிகள். அவர்களில் ஒருத்தி சொன்னாள்: “நீங்க இங்க இல்லையா? உங்க குரல்தானே கேட்டுச்சு. பெரிய ஸ்பீக்கர்ல, ‘படுடா கண்ணு’ன்னு. நீங்கதான் மைக்குல கூப்பிடுறீங்கன்னு நெனச்சோம்.”

எனக்கு ஆஸ்பத்திரி வார்டு கண்முன்னால் வந்தது. ருய்லானுக்கும் வந்திருக்க வேண்டும். குதிரைப் பக்கம் போனாள்.

“கண்ணு,” என்றாள் மெதுவாக.

அந்தக் குரல் காதில் பட்டதும் பூசணி தலையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். ஊன்ற முடியாத காலையும் ஊன்றிக்கொண்டு பின்வாங்கினான். பிடித்திருந்தவன் கையிலிருந்து கயிறு வழுக்கியது. ருய்லான் அப்படியே நின்றுவிட்டாள். இன்னொரு முறை கூப்பிடுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

தாவ்லின் தளபதி வேஷத்தைக் கழற்றாமலே வந்தான். முதுகில் அம்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

“அக்கா, பயப்படாதீங்க. எலும்பு எதுவும் உடையல, நான் தடவிப் பாத்துட்டேன். தோல்தான். கொஞ்ச நாள்ல சரியாயிடும். நான் ஒத்துக்கலன்னா வேற ஆளை ஏத்தி, இவன் காலுல கம்பி கட்டி இழுத்திருப்பாங்க. நெனச்சுப் பாருங்க. நான் இருந்ததால பூசணி தப்பிச்சான்.”

“இதுக்கு உனக்கு என்ன தர்றாங்க?” என்று கேட்டேன் நான்.

“இதுல நீங்க ஏன்க்கா வர்றீங்க?”

“ஸ்டண்ட் மாஸ்டர் ஆக்குறாங்களா?”

அவன் குனிந்து மார்க்கவச வாரை அவிழ்க்க ஆரம்பித்தான். எனக்கு அவன் கழுத்தைத் திருக வேண்டும்போல் இருந்தது. சாதுவாகச் செத்தே பழகிய கை, என்ன செய்வது!

ருய்லான் அவன் பக்கம் திரும்பினாள். அவள் சத்தம் போடவில்லை, குதிரைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று மூச்சுக்காற்றில் பேசினாள்.

“என்னை ஏமாத்துனே, சரி. அதை நான் தாங்கிக்குவேன். ஆனா அவன், நீ ஏமாத்துனேன்னு நெனக்கலடா. நான்னு நெனக்கிறான்.”

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். தாவ்லின் சொன்னது சரிதான், எலும்பு உடையவில்லை. தசைநார் வீக்கம், ஓய்வு போதும் என்றார். தோலும் ஆறியது, நொண்டலும் போனது. முன்பு போலவே தின்றான், நடந்தான். ஒன்றே ஒன்று, பூசணி படுக்கவில்லை.

விழுவதைச் சொல்லவில்லை. தூங்கப் படுக்கவில்லை. குதிரை நின்றுகொண்டே கண் அயரும்தான். ஆனால் தினம் கொஞ்ச நேரமாவது நீட்டிப் படுத்துத் தூங்காவிட்டால் அதற்கு ஆகாது. பூசணி நின்றபடியே தூங்கித் தூங்கி, திடீரென்று முன்னங்கால் மடிந்து முகம் தரையில் இடிக்க, பதறி எழுந்து நிற்பான். குளம்புக்கு மேல் மூட்டெல்லாம் சிராய்ப்பு. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மருத்துவர் மறுபடி வந்து, “இடம் பயமில்லாம இருக்கணும், அதுக்கு மருந்து கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இடத்தில் பயம் எது என்று ருய்லானுக்குத் தெரிந்தது. முற்றத்தில் அவள் குரல் கேட்டாலே லாயத்துக்குள் பூசணி சுவரோடு ஒட்டிக்கொள்வான். அதனால் அவள் பேசுவதை நிறுத்தினாள். காலை வம்புகள் இல்லை, பாட்டு இல்லை, என்னைத் திட்டுவதுகூட இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தலையாட்டுவாள். இருமல் வந்தால் தெருவுக்கு ஓடுவாள். அந்த வாயாடிக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று எனக்குத்தான் தெரியும். மாடியில் எனக்கு இப்போது நன்றாகத் தூங்க முடிந்தது. தூக்கம்தான் வரவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் தாவ்லின் வந்தான். கையில் செலோபேன் தாள் சுற்றிய பழக்கூடை, தலையில் ஸ்டண்ட் மாஸ்டர் தொப்பி. முற்றத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். தொடர் ஒளிபரப்பாகப் போகிறதாம். அந்தக் காட்சிதான் முன்னோட்டத்திலேயே வருகிறதாம். டப்பிங்கில் அவள் குரலை எடுத்துவிட்டு முரசு போட்டிருக்கிறார்களாம். பூசணி தேறியதும் அடுத்த படத்தில் முதல் வாய்ப்பு அவளுக்குத்தானாம்.

ருய்லான் எதிரே நின்றாள். சொல்வதற்கு அவளிடம் ஒரு வண்டி வார்த்தை இருந்தது. லாயத்துக் கதவு நாலு எட்டில் திறந்து கிடந்தது, உள்ளே பூசணி தலை தொங்க நின்றுகொண்டிருந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பாவி அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டான். எழுந்து என்னிடம் வந்து, “பாத்தீங்களா, அக்கா ஒரு வார்த்தை சொல்லல. அவங்க மனசு எனக்குத் தெரியும்” என்றான். முகத்தில் நிஜமாகவே நிம்மதி.

வெளியே தெருமுனைவரை அவனோடு போனேன். அங்கே வைத்து, அவளுக்காகவும் எனக்காகவும் பூசணிக்காகவும் சேர்த்து, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையையும் கேட்க வைத்தேன். பழக்கூடையை அவன் வண்டிக்குள்ளேயே எறிந்தேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குதிரைக்குத்தான் ஒண்ணும் ஆகலையே!” என்றான். இன்றைக்கும் அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான், நம்பிக்கொண்டும் இருக்கிறான்.

அதற்கப்புறம் பூசணி ஒருநாள் தொட்டிமேல் மடிந்து விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டான். அன்று ருய்லான் என்னைத் தெருவுக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள்: “அவனை அனுப்பிடப் போறேன்.”

“எங்க?”

“சோங்யாங் மலையில, தேயிலைத் தோட்டத்துல. யே-ன்னு ஒரு பொம்பளை. புல்லு இருக்கு, ஒரு கிழட்டுக் கழுதை துணைக்கு இருக்கு. ஏறிச் சவாரி பண்ண மாட்டா, அவளுக்கு இடுப்பு வலி.”

“உன் பிழைப்புடி?”

“லாயம் கூட்ட ஆள் தேடுறாங்க.”

லாரி வந்த அன்று அவள் முற்றத்துக்கு வரவில்லை. நான்தான் பூசணியை ஏற்றி, கூடவே போனேன். லாரி தெரு திரும்பும்போது அவள் அறை ஜன்னல் திரை கொஞ்சம் விலகியிருந்தது. கையசைக்கலாமா என்று யோசித்து, கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

இப்போது ருய்லான் வேறொருவர் லாயத்தில் சாணம் அள்ளுகிறாள். மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறாள், கொஞ்சமாக. போன வாரம் என் அறையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தேயிலைத் தோட்டத்து யே போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள் ருய்லான். மலைக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“உங்க குதிரை என்னைக் கொன்னுடுச்சும்மா! காலையில தோட்டத்துக்குப் போறேன், நட்டநடுப் புல்லுல நாலு காலையும் நீட்டிக்கிட்டுக் கெடக்குது. செத்துப்போச்சுன்னு கத்திட்டேன். கிட்டப் போனா குறட்டை! குடிச்சவன் மாதிரி. கழுதை மேல வந்து மோந்து பாக்குது, அப்பவும் எந்திரிக்கல. தினமும் இதே கதைதான். படம் அனுப்பியிருக்கேன், பாருங்க.”

படத்தில் பூசணி விலாவைப் புல்லில் அழுத்தி, கழுத்தை நீட்டி, உதடு தொங்கக் கிடந்தான். ருய்லான் பெருவிரலால் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நூடுல்ஸ் ஆறிப்போயிற்று.

“பஸ்ஸுல அரை நாள்கூட இல்லடி,” என்றேன். “ஞாயித்துக்கிழமை போவலாம். நானும் வர்றேன். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்.”

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

“நான் போனா எந்திரிச்சுருவான்.”